பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: முதலில் ‘ர்’, பிறகுதான் மற்றவை

மாங்கூழ் ஆலைக்குக் காய் போடும் கிருஷ்ணகிரி, தர்மபுரி விவசாயிகளின் பழைய பெயர்ப் பட்டியல் முழுக்க பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய வரிசையை இங்கே தருகிறோம்.

பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். கணினிக்கு அது வெறும் ஆங்கிலம். அதனால் குறியாக்கம் மாற்றும் கருவியான ஐகான்வ் இங்கே உதவாது. எழுத்துக்கு எழுத்து மாற்று அட்டவணைதான் வேண்டும். கோப்பை வெறும் டெக்ஸ்ட்டாகச் சேமித்துவிடாதீர்கள். எழுத்துருத் தகவல் போய்விட்டால் நிஜ ஆங்கிலத்தில் இருக்கும் வங்கிக் குறியீடும் தமிழாகிவிடும். வேர்டு கோப்பாகவே வைத்து, பாமினி போட்ட பகுதிகளை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்தது ‘ர்’. பழைய தட்டச்சர்கள் பலர் ‘ர்’ வரும் இடத்தில் துணைக்காலைப் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். அப்படியே மாற்றினால் ‘தா்மபுரி’ வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது: யூனிகோடில் ர-வின் எண் 2992, துணைக்காலின் எண் 3006. துணைக்காலுக்குப் பின் புள்ளியோ ‘ி’ குறியோ வந்தால் அது ர-தான். இந்தத் திருத்தத்தைக் கொம்புகளைச் சேர்க்கும் முன்பே செய்யவேண்டும். பிந்தினால் ‘சேர்’ என்பது ‘சோ்’ ஆகிவிடும், அதைப் பிறகு பிரித்தறிவது பெரும்பாடு.

பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால். ஆகவே முதலில் ஒ, ஓ வரிசை, பிறகு ஔ, கடைசியில் எ, ஏ, ஐ. ஔ-வில்தான் அதிகம் சறுக்கும். கொம்பு, மெய், ள மூன்றையும் கண்மூடிச் சேர்த்தால் ‘வெள்ளிச்சந்தை’ ‘வௌ்ளிச்சந்தை’ ஆகும். ள-வுக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் சேர்க்கக் கூடாது.

பிறகு, ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி ஓட்டுங்கள். ‘ோ’ சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் இரண்டாகவும் இருக்கும்; ஓட்டாவிட்டால் ஒரே ஊர் இரண்டு ஊராகப் பதிவாகும்.

தரவுத்தளத்தின் அளவையும் பாருங்கள். ‘தேன்கனிக்கோட்டை’ பாமினியில் 16 பைட், யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் 45. பைட் கணக்கில் 40 என்று வைத்த புலத்தில் ‘தேன்கனிக்கோட்’ வரைதான் நிற்கும், மிச்சம் ஒரு பைட் உடைந்து கிடக்கும்.

எக்செலில் திறக்கவேண்டிய சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) பிஓஎம் என்ற தொடக்க அடையாளம் சேர்த்த யுடிஎஃப்-8-ஆக எழுதுங்கள். திரும்பப் படிக்கும்போது அந்த மூன்று பைட்டையும் நீக்காவிட்டால் முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, அந்தப் பெயரில் நெடுவரிசையே இல்லை என்று நிரல் நிற்கும்.