தோண்டியதை எழுதுவது

தொல்லியலுக்கு ஒரு தேசிய ஆய்வுத் திட்டம் எழுத டெல்லியில் நாங்கள் 7 பேர் உட்கார்ந்தபோது, முதல் மூன்று கூட்டங்களும் ஊர்ப் பெயர்களிலேயே போயின. இந்த மேட்டைத் தோண்டலாம், அந்த ஆற்றங்கரையை எடுக்கலாம். நானும் தாமிரபரணிக் கரையில் 9 ஊர்களைக் குறித்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு, பழைய அகழாய்வுப் பொருள்கள் வைத்திருக்கும் ஒரு கிடங்கைப் பார்த்துவரச் சொன்னார்கள். கூட வந்தவர் கும்பகோணத்துக்காரர். தோண்டியெடுத்த ஓடுகளை அளந்து வரையும் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்று டெல்லி முனிர்காவில் குடியிருக்கிறார். ஒரு துணிப்பையை அவிழ்த்தார். கருப்பு சிவப்புப் பானை ஓடுகள். ஒன்றின் தோள்பட்டையில் மீன்போல ஒரு கீறல். பையில் கட்டியிருந்த அட்டையில் குழி எண்ணும் ஆழமும் எழுதிய பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. அந்த அகழாய்வுக்கு முழு அறிக்கையும் வரவில்லை.

"தம்பி, இது எந்த மண்ணடுக்குன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். வேட்டி நுனியால் அந்த ஓட்டைத் துடைத்துத் திரும்ப வைத்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும்.

அன்றிரவு புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டை நினைத்துக்கொண்டேன். தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு பிடிக்க ஒரு பிடிமானம் வேண்டும் என்றுதான் 1945இல், அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் அங்கே போனார். காலம் தெரிந்த இத்தாலிய அரிட்டைன் ஓடுகளை வைத்து உள்ளூர் ஓடுகளுக்குக் காலம் கணித்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரிக்குப் போய்ப் பெருங்கற்கால அடுக்குகளுக்குக் காலம் தேடினார். ஒரு கேள்வி அடுத்த ஊரைக் காட்டியது. என் பார்வையில் ஆய்வுத் திட்டம் என்பதே அதுதான். அரிக்கமேட்டு அறிக்கை 1946இலேயே அச்சில் வந்துவிட்டது. அவர் சொன்ன காலத்தைவிட அந்த ஊர் இன்னும் பழையது என்று தொல்லியலாளர் விமலா பெக்லி பிற்பாடு திருத்தினார். அடுக்கும் ஆழமும் அச்சில் இருந்ததால்தான் அந்தத் திருத்தமே சாத்தியமாயிற்று.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். பழைய பாக்கியைத் தீர்ப்பதற்கா தேசியத் திட்டம் என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். வாக்குவாதம் மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போயிற்று. கடைசியில், அறிக்கைக்கான பணமும் ஆட்களும் ஒதுக்காமல் புதுக்குழி கேட்கக் கூடாது என்ற வரி வரைவில் ஏறியது. முதல் அத்தியாயம் எழுதப்படாத அறிக்கைகளின் பட்டியல். என் 9 ஊர்கள் பின்னிணைப்புக்குப் போயின.

ஓடு வரைபவர்கள் பற்றிய பத்தியைக் கும்பகோணத்துக்காரரிடமே கேட்டேன். ஒரு விளிம்பு ஓட்டை அளந்து வரைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று, தானே பத்து ஓடுகள் வரைந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்.