நீலச் சட்டையும் மகிழ்ச்சியும்

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு ஆறு வயதானபோது, உணர்ச்சிகளைக் காட்டும் முகப்பட அட்டைகளை வாங்கி வந்து, தினமும் மாலையில் பத்து நிமிடம் அவனுடன் தரையில் அமர்ந்து காட்டத் தொடங்கினேன். மூன்றே வாரங்களில் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். நான் பூரித்துப்போனேன். ஆனால், நீலச் சட்டை அணிந்து முகம் வாடி உட்கார்ந்திருந்த என் தம்பியைப் பார்த்து அவன் ‘மகிழ்ச்சி’ என்று சொன்ன அன்றுதான், அட்டையில் சிரித்தவரின் முகத்தை அல்ல, அவருடைய நீலச் சட்டையையே அவன் மனப்பாடம் செய்திருந்தான் என்பது எனக்குப் புரிந்தது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் முழுமையை விட்டுச் சிறு கூறுகளைப் பற்றிக்கொள்வதும், ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பொருத்த இடர்ப்படுவதும் அறியப்பட்டவையே. அந்த அட்டைகளில் இருந்தவை, உளவியலாளர் பால் எக்மன் வகுத்த மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய 6 உணர்ச்சிகள். அவ்வளவு மிகையான முகத்தை எங்கள் வீட்டில் யாரும் காட்டுவதில்லை, என் மாமியாரைத் தவிர.

ஆகவே பாட்டி, தம்பி, பால்காரர் என்று அவனுக்குத் தெரிந்தவர்களையே கைப்பேசியில் படமெடுத்து, ஒரே உணர்ச்சிக்கு ஐந்தாறு முகங்களை வைத்தேன். முதல் இரண்டு மாதங்கள் மகிழ்ச்சியும் துயரமும் மட்டுமே. ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் அதன் காரணத்தையும் ஒரு படமாக வைத்தேன்: உடைந்த பொம்மை, பூட்டிய பூங்கா. கண்ணைப் பார்க்கும்படி அவனை வற்புறுத்தவில்லை.

சென்ற வாரம் இடி இடித்தபோது, காதுகளைப் பொத்தியிருந்த கைகளில் ஒன்றை எடுத்து, ‘பயம்’ படத்தை என் மடியில் வைத்தான்.