மலையேறி இறங்கிய போட்: மைனிலிருந்து டான்யூப் வரை

ஜெர்மனியில் பாம்பெர்க் வந்து சேர்ந்தோம். ரைன் நதியை விட்டுப் பிரிந்து மைன் நதியில் 34 லாக் (கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் தொட்டி) ஏறியாயிற்று. இனி 171 கிலோமீட்டர் கால்வாய். அதில் 16 லாக். அவற்றைத் தாண்டினால் கெல்ஹைமில் டான்யூப்.

இரண்டு நதிகளையும் இணைக்கும் இந்தக் கால்வாய் 1992 செப்டம்பரில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆசை மட்டும் மிகப் பழையது. 793-லேயே பேரரசர் சார்லமேன் இங்கே ஒரு வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார். 1846-இல் திறந்த லுட்விக் கால்வாயில் 100 லாக் இருந்தன. அதோடு பார்த்தால் எங்கள் பாடு எவ்வளவோ தேவலை.

போட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். அவர் சுக்கானில் நிற்பார், கயிறு என் பொறுப்பு. என்ஜின் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது என்பதால் ஆளுக்கொரு ஹெட்செட் மாட்டிக்கொள்கிறோம். நீண்ட பயணம் போக நினைக்கிற தம்பதிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். "ஏங்க, இன்னும் ரெண்டு அடி முன்னால... போதும், நிறுத்துங்க" என்று காதோரம் சாதாரணக் குரலில் சொன்னால் போதும். கத்தவேண்டிய அவசியம் இல்லாததாலேயே பாதிச் சண்டை வருவதில்லை.

ஏறும் பக்கத்தில் 11 லாக். அதில் லேயர்ஸ்டெட்டன், எக்கர்ஸ்மூலன், ஹில்போல்ட்ஸ்டைன் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் 24.67 மீட்டர் தூக்குகின்றன. கீழே நுழையும்போது இரு பக்கமும் ஈரச் சுவர், மேலே ஒரு துண்டு வானம். சுவரில் செங்குத்தான பள்ளம் ஒன்று ஓடுகிறது, அதற்குள் ஒரு மிதக்கும் பொல்லார்ட், அதாவது கயிறு மாட்டும் குட்டைத் தூண். கயிற்றை அதில் ஒரு சுற்றுப் போட்டு முனையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். முடிச்சுப் போடவே கூடாது. தண்ணீர் ஏற ஏற பொல்லார்டும் கூடவே ஏறும். நடுவில் சில நேரம் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும், பிறகு பெரிதாக முனகிவிட்டு ஒரு குதி குதிக்கும். அந்த நொடியில் கயிற்றைத் தளர்த்தக் கை தயாராக இருக்கவேண்டும். கையுறை கட்டாயம். பாசி படிந்த சுவரில் உரசிய கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும்.

பெரும்பாலான லாக்குகளை ஒட்டிப் படிப்படியாகப் பக்கத் தொட்டிகள் இருக்கின்றன. லாக்கைக் காலி செய்யும்போது தண்ணீரைத் தொட்டிகளில் பிடித்துவைத்து அடுத்த முறை நிரப்ப எடுத்துக்கொள்கிறார்கள். சுமார் 60 சதவீதத் தண்ணீர் மிச்சமாகிறது. மேட்டில் இருக்கிற கால்வாய்க்குத் தண்ணீர் சும்மா வந்துவிடாது. டான்யூப், ஆல்ட்மூல் நதிகளிலிருந்து பம்ப் வைத்து மேலேற்றுகிறார்கள், அதில் ஒரு பங்கு வறண்ட மைன் பக்கத்துக்கும் போய்ச் சேர்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சரக்குக் கப்பலுக்குத்தான் முன்னுரிமை. லாக்கின் அகலம் 12 மீட்டர், பெரிய கப்பலின் அகலம் 11.4. அது உள்ளே போய்க் கட்டி முடித்த பிறகு, ரேடியோவில் அனுமதி கிடைத்தால் பின்னால் நாங்கள். கதவு திறந்து கப்பல் கிளம்பும்போது அதன் ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் முழுக்க நம் மேல்தான் வரும். அது அடங்கும்வரை கயிற்றை விடுவதில்லை என்பது எங்கள் சட்டம்.

ஹில்போல்ட்ஸ்டைனைத் தாண்டியதும் கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர். கடலிலிருந்து சரக்குக் கப்பல் ஏறிவரக்கூடிய இடங்களில் உலகிலேயே உயரமானது இதுதான். கரையில் ஒரு கான்கிரீட் சின்னம் நீர்ப்பிரிமேட்டைக் காட்டுகிறது: இந்தப் பக்கம் விழும் மழை வடகடலுக்கு, அந்தப் பக்கம் விழுவது கருங்கடலுக்கு. என்ஜின் வேகத்தைக் குறைத்து மெதுவாகக் கடந்தோம். சொந்த வீட்டையே மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்த சந்தோஷம் இரண்டு பேருக்கும்.

இறக்கத்தில் ஐந்தே லாக்குகள். பாஹ்ஹவுசன், பெர்ஹிங், டீட்ஃபுர்ட், ரீடன்பர்க், கெல்ஹைம். இறங்குவது சுலபம், கயிற்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். இந்த ஐந்திலும் இடம் மாறினோம், நான் சுக்கானில், அவர் கயிற்றில். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவர் தனியே போட்டைக் கரை சேர்க்கத் தெரிய வேண்டாமா?

டான்யூபில் நுழைந்ததும் எல்லாம் மாறுகிறது. கிலோமீட்டர் பலகைகள் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து எண்ணப்படுவதால் நாம் போகப் போக எண் குறைகிறது. ஓட்டம் நம் பக்கம், டீசல் செலவு கண்கூடாக இறங்கிவிட்டது. எதிரே ஏறிவரும் கப்பல் தன் வலப்பக்கம் நீலப் பலகையும் மினுக்கும் வெள்ளை விளக்கும் காட்டினால், வழக்கத்துக்கு மாறாக வலம் வலமாகக் கடக்க வேண்டும். பைனாகுலர் என் கழுத்தை விட்டு இறங்குவதே இல்லை.

ஸ்ட்ராபிங்கிலிருந்து ஃபில்ஸ்ஹோஃபன் வரை அணை கிடையாது, சுமார் 70 கிலோமீட்டர் ஆறு தன்னிஷ்டத்துக்கு ஓடுகிறது. வழியில் உள்ள ஹோஃப்கிர்ஹன் ஊரின் நீர்மட்ட அளவைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தோம். வளைவின் உட்பக்கம் மணல்திட்டு இருக்கும். சிவப்பு மிதவை வலக்கரை, பச்சை இடக்கரை, இந்த இரண்டுக்கும் நடுவில் போனால் பயமில்லை.

இப்போது பாசாவில் கட்டியிருக்கிறோம். இன், இல்ஸ் இரண்டும் டான்யூபில் கலக்கும் ஊர். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது, துணி துவைத்தாயிற்று. தேய்ந்த முன்கயிற்றை மாற்றிவிட்டு யோஹன்ஸ்டைன் லாக், அதற்கப்புறம் வியன்னா. இன் நதியில் வெள்ளம் ஏறுகிறது என்கிறார்கள், மட்டம் இறங்கும்வரை இங்கேதான்.