எங்கள் கண்மாயை இணைய வரைபடத்தில் ஏற்றிய ஏழு மாதங்கள்

மதுரைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊர்க் கண்மாயின் கரை, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைகள், மிகுநீர் வழியும் கலுங்கு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எல்லாவற்றையும் எவரும் கைப்பேசியில் தொட்டுப் பார்க்கும்படி வரைபடமாக்கித் தருவதாக ஆகஸ்டு 15 கிராம சபையில் நாங்கள் நான்கு பேர் ஒப்புக்கொண்டோம். அக்டோபர் 2 சபையில் காட்டிவிடலாம் என்று நம்பினோம்; மார்ச் 22 சபையில்தான் காட்ட முடிந்தது. கரைமேல் நடந்து ஜிபிஎஸ்ஸில் தடம் பதிய ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது; எவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் மேல், யூமேப் என்ற இணையக் கருவியில் அடுக்குகளை அமைக்க இரண்டு நாட்கள் ஆயின. மற்ற நாட்களெல்லாம் போன வழியைத்தான் எழுதுகிறேன்.

செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் நிற்கும் பரப்பு தெரியும். ஆனால் கண்மாய்க்குரிய அரசு நிலமான கண்மாய்ப் புறம்போக்கு எதுவரை என்பது, ஒவ்வொரு புல எண்ணின் அளவுகளையும் காட்டும் புலப்படத்திலும், ஊர் நிலங்களைப் பட்டியலிடும் அ-பதிவேட்டிலும்தான் இருக்கிறது. அந்த எல்லை இல்லாத படத்தை ஊரார் முன் வைத்தால் கரையோரம் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு கேள்வியிலேயே அதைத் தள்ளிவிடுவார்கள். எனவே புலப்பட நகல் கேட்டு அலுவலகத்துக்குப் போனோம். முதல் முறை நில அளவர் வெளியில் போயிருப்பதாகச் சொல்லி மாலை வரை காக்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இந்தப் பேருல இந்தக் கிராமத்துல கம்மாயே கிடையாது" என்றார். மூன்று தலைமுறையாக அந்தத் தண்ணீரில் விளைந்ததை உண்டவர்களிடம் சொல்லப்பட்ட அந்த வாக்கியம் இன்னும் எனக்கு ஆறவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்து, 30 நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தபோதுதான் விவரம் புரிந்தது: நாங்கள் வழங்கும் பெயர் கரையில் இருக்கும் கோயிலால் வந்தது, பதிவேட்டில் இருப்பது வேறு பெயர்.

இந்த அலைச்சல் யாருக்கும் தேவையில்லை. கண்மாயை ஒட்டிய பட்டா நிலம் ஒன்றின் புலப்படத்தை அரசின் இணையச் சேவையில் எடுத்தால், அதன் ஓரங்களில் பக்கத்துப் புல எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து கண்மாயின் புல எண்ணைத் தெரிந்துகொண்டு, பெயரை விட்டுவிட்டு எண்ணை எழுதிக் கேளுங்கள். கையில் வரும் நகலில் நீள அகலங்கள்தான் இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. கலுங்கின் மூலைகள், மூன்று கிராம எல்லைகள் சேரும் கல் போன்று இடம் மாறாதவற்றை நேரில் அளந்துகொண்டு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்த வேண்டும். இன்னொன்று: கூகுள் வரைபடத்தைப் பார்த்து வரைந்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கக் கூடாது; உரிமம் அதற்கு இடம் தருவதில்லை.

எங்கள் பிழைகளும் உண்டு. மடைகளின் பட்டியலை ஏற்றியபோது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்ததால், மடைகள் அனைத்தும் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளின் ஓரம் ஆர்க்டிக் கடலில் போய் விழுந்தன. நம் பகுதியில் அட்சரேகை 10-ஐ ஒட்டியும் தீர்க்கரேகை 78-ஐ ஒட்டியும் வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏற்றும் முன்பே பிடித்துவிடலாம். யூனிகோடாகச் சேமிக்காத கோப்பில் தமிழ்ப் பெயர்கள் முழுவதும் கேள்விக்குறிகளாயின. இவற்றைவிடப் பெரிய இழப்பு, யூமேப்பில் பயனர் கணக்கில் நுழையாமலே முதல் வரைபடத்தை உருவாக்கியது. அப்படி உருவாக்கினால் திருத்துவதற்கென்று ஒரு ரகசியச் சுட்டி தருவார்கள்; அதை நாங்கள் சேமிக்கவில்லை. படம் இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருக்க, அதில் ஒரு புள்ளியைக்கூட எங்களால் நகர்த்த முடியவில்லை. முதலிலிருந்து மீண்டும் செய்தோம்.

டிசம்பரில் வயல்களுக்குத் தண்ணீர் பகிர்ந்து பாய்ச்சும் எங்கள் ஊர் நீர்பாய்ச்சியிடம் படத்தைக் காட்டினோம். எழுபது வயதைக் கடந்தவர். வரத்துக்காலைக் காட்ட விரலை வைத்தார். படம் சரேலென்று விலகி வேறு ஊருக்குப் போய்விட்டது. கையை இழுத்துக்கொண்டு, "நீங்களே பாருங்க தம்பி" என்று ஒதுங்கிவிட்டார். அன்றைக்கே மதுரைக்குப் போய் அதே படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, மறுநாள் காலை கோயில் திண்ணையில் விரித்து நான்கு மூலைகளிலும் கல் வைத்தோம். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை வாங்கி, நாங்கள் தெற்கே வரைந்திருந்த வரத்துக்காலை அடித்துவிட்டு, "இது ரோடு போட்டப்ப வெட்டுன பள்ளம். வரத்து மேக்கால வரும்" என்று சொல்லி, இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கும் இடத்தின் வழியாக ஒரு கோட்டை இழுத்தார். மறுவாரம் அந்த வழியே நடந்தோம். கருவேலங்காட்டுக்குள் இடிந்த கல்கட்டு ஒன்று நின்றிருந்தது. தொடுதிரை எல்லோருக்கும் எளிது என்று எண்ணாதீர்கள். முதல் சுற்றைத் தாளில் நடத்துங்கள்.

மார்ச் 22 கிராம சபையில் நீர்பாய்ச்சி இழுத்த கோட்டினை "அளக்கப்பட வேண்டியது" என்ற குறிப்புடன் சிவப்புப் புள்ளிக்கோடாகத் திரையில் காட்டினோம். தங்கள் வயலுக்கு எந்த மடையில் தண்ணீர் வருகிறது என்று பெண்கள் ஒவ்வொருவராகக் கைப்பேசியில் தேடிப் பார்த்து, இரண்டு மடைகளின் பெயர்களைத் திருத்தினார்கள். வரத்துக்காலை அளந்து கல் நடக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. கல் நட வேண்டிய பதினொரு இடங்களை நீர்பாய்ச்சி அதே தாளில் குறித்துக் கொடுத்திருக்கிறார். நில அளவர் வரும் நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு போகப் போகிறோம்.