ஒரு கையெழுத்துக்கு ஏழு வாரம்: டி.சி.ஜி.ஏ. மூலத்தரவு வாங்கிய கதை

போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சியாளராக) சேர்ந்த முதல் வாரமே, புற்றுநோயாளிகளின் மரபணுத் தரவைத் திரட்டிய அமெரிக்கத் திட்டமான டி.சி.ஜி.ஏ.வின் மியூட்டேஷன் (மரபணு மாற்றப்) பட்டியலை இறக்கிவிட்டேன், அது யாருக்கும் கிடைக்கும். எனக்கு வேண்டியதோ நோயாளிக்குப் பிறவியிலேயே இருந்த மாற்றங்கள். ஆளை அடையாளம் கண்டுவிட முடியும் என்பதால் அவற்றை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒவ்வொருவரின் டி.என்.ஏ. வாசிப்புகளும் அப்படியே இருக்கும் பாம் ஃபைல்தான் வழி, அதற்கு இப்படிப்பட்ட தரவுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசுத் தளமான டிபிகேப்பில் விண்ணப்பம் போட வேண்டும்.

ஒரு ஃபார்ம்தானே என்று உட்கார்ந்தேன். போஸ்ட்டாக் விண்ணப்பிக்கவே முடியாதாம், நிரந்தர ஆராய்ச்சியாளர் பெயரில்தான் போட வேண்டுமாம். சரி, என் பேராசிரியர் பெயரில் போட்டாயிற்று. அடுத்து நிறுவனத்தின் சார்பில் ஒரு அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். இங்கேதான் மாட்டினேன். ஆராய்ச்சி அலுவலகத்தில் இருந்தவர் "இது கிராண்ட் இல்லையே, எங்களுக்கு இதில் வேலை இல்லை" என்று சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். சட்டப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி, "பட்ஜெட் எங்கே?" சார், தரவு இலவசம் என்றால் நம்பவில்லை, இலவசமாகக் கொடுப்பதற்கு ஏன் இத்தனை பக்கம் ஒப்பந்தம் என்று சந்தேகம் வேறு வந்துவிட்டது அவருக்கு. மறுபடியும் பழைய அலுவலகம். கடைசியில் பார்த்தால் ஒப்புதல் தர வேண்டியவருக்கு, அந்தத் தளத்தில் நுழையத் தேவையான ஈரா காமன்ஸ் கணக்கே இல்லை! ஏழு வாரம் போயிற்று. நீங்கள் விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதும் முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஐ.டி. இயக்குநர் என்ற கட்டத்தில் சும்மா பேராசிரியர் பெயரையே நிரப்பிவிடாதீர்கள். நான் நிரப்பினேன், திரும்பி வந்தது. வேறு நிறுவனத்து நண்பரோடு தரவைப் பகிரலாம் என்ற நினைப்பும் வேண்டாம், அவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அனுமதி வந்தது, இறக்க ஆரம்பித்தேன். பாதியில் நின்றது. தரவை இறக்க அனுமதிச் சாவியாகத் தரும் டோக்கனுக்கு ஆயுள் 30 நாள்தான், அதை வாங்கி வைத்துவிட்டு சர்வரில் இடம் பிடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. பதற வேண்டாம், புது டோக்கனோடு அதே மேனிஃபெஸ்ட்டை (இறக்க வேண்டிய ஃபைல்களின் பட்டியலை) ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அப்புறம் நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. டிபி53 என்ற மரபணுவில் ஆர்175எச் என்ற மாற்றம் இருப்பதாக வெளிப்பட்டியலே சொல்லும் சாம்பிள்களில்கூட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபைல் கெட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் செக்சம் (ஃபைல் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் சரி. தப்பு, எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்த என் பழைய பெட் ஃபைலில், அதில் இருந்த எண்கள் எச்ஜி19 என்ற பழைய மரபணு வரைபடத்தின்படி. பாம் ஃபைல்களோ அதற்கு அடுத்து வந்த ஜிஆர்சிஎச்38 வரைபடத்தின்படி. குரோமோசோம் பெயர் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்ததால் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, நான் பாட்டுக்கு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். 17-ஆம் குரோமோசோமில் 7578406-ஐ 7675088 என்று மாற்றி, டி.என்.ஏ. வாசிப்புகளைக் காட்டும் ஐஜிவி மென்பொருளில் திறந்தேன். சி என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக டி. பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "தரவு அனுமதியின் வருடாந்திரப் புதுப்பித்தலுக்குத் தேதி குறித்து வைத்தாயா?" என்றார்.