இரண்டு அடி முன்னால்

பந்து என் காலில் இருந்த நேரத்தை ஒருமுறை எங்கள் கால்பந்து அணியின் வீடியோ ஆய்வாளர் கூட்டிப் பார்த்துச் சொன்னார். முழு 90 நிமிடமும் ஆடியிருந்தேன், ஒரு கோலும் போட்டிருந்தேன். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு நிமிடமும் சில நொடிகளும்தான். அவர் குறையாகச் சொல்லவில்லை, கோல் போட முன்னால் நிற்கும் ஃபார்வர்டுகளுக்கு ஏறக்குறைய அப்படித்தான் வரும் என்றார். எனக்குத்தான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது மனசைக் குடைந்துகொண்டே இருந்தது. மீதி 88 நிமிடத்துக்கும் சேர்த்துத்தானே சம்பளம் வாங்குகிறேன், அப்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தேன்?

14 சீசன் ஆடி முடித்து ஷூவைக் கழற்றிய பிறகு அதற்குப் பதில் சொல்ல வருகிறது. இடம் தேடிக்கொண்டிருந்தேன். ஃபார்வர்டின் தொழிலே அதுதான்.

இளம் வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டம். பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து, அதாவது கிராஸ், வந்தால் கோலை நோக்கி நேராக ஓடுவேன். என்னைத் தடுக்க நிற்கும் எதிரணி டிஃபெண்டரும் நேராக ஓடுவார். அவருக்கு வேலை மிச்சம். முதல் கோச் ஒருநாள் விசிலை ஊதி எல்லாரையும் நிறுத்தினார். "நீ எங்கே போறேன்னு அவனுக்கு ஏன் சொல்லிட்டுப் போறே?" என்று கேட்டார். அப்புறம் என்னை டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நிற்க வைத்துச் சொன்னார்: ஒரு மனிதனால் பந்தையும் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பவனையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. முதலில் இரண்டு அடி அவரைவிட்டு விலகிப் போ. உன்னைத் தேடித் தலையைத் திருப்புவார். அந்த நேரத்தில் அவருக்கு முன்னால் புகுந்துவிடு. முதல் இரண்டு அடி பொய், அடுத்த இரண்டு அடி நிஜம். இதைப் பழக எனக்கு இரண்டு சீசன் பிடித்தது.

எப்போது கிளம்புவது என்பது அதைவிடக் கஷ்டம். கிராஸ் போடுகிறவர் தலையைக் குனிந்து பந்தைப் பார்ப்பாரே, அதுதான் கிளம்ப வேண்டிய நொடி. அதற்கு முன்னால் கிளம்பினால் டிஃபெண்டர் கூடவே வந்துவிடுவார், தாமதித்தால் பந்து போய்விடும். மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் கார்னருக்கு நிற்கும்போது வேறொரு கணக்கு. டிஃபெண்டரின் கை எப்போதும் நம் இடுப்பிலோ முதுகிலோ இருக்கும், இரண்டு விரல் ஜெர்சியைப் பிடித்திருக்கும். புதிதாக வந்தவர்கள் அந்தக் கையைத் தட்டிவிட்டு நடுவரிடம் முறையிடுவார்கள். நான் தட்டிவிட மாட்டேன். அந்தக் கை இருக்கிறவரை அவர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார். கை லேசானால் கண் பந்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். தலையால் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அந்த விரல்கள் விட்ட நொடியில் கிளம்பிப் போட்டவைதான்.

கெர்ட் முல்லரின் பழைய கோல்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னதும் அதே கோச்தான். மேற்கு ஜெர்மனிக்கு 62 போட்டியில் 68 கோல். ஆள் உயரமில்லை, தொடை மட்டும் தூண் மாதிரி இருக்கும். 1974 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக அவர் போட்ட வெற்றி கோலைப் பாருங்கள். பந்து காலில் பட்டு அவருக்குப் பின்னால் போகிறது. அவரும் அதோடு பின்னால் வந்து, சட்டென்று திரும்பி, தரையோடு தட்டிவிடுகிறார். ஓங்கி அடிக்கவே இல்லை. முதல் தடவை பார்த்தபோது இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வாங்கிய பந்து பிசகியும், அத்தனை பேருக்கு நடுவே திரும்பி அடிக்க அவருக்கு மட்டும் இடம் கிடைத்தது எப்படி என்று யோசிக்கவே எனக்குப் பல வருடம் ஆனது.

ஆஃப்சைடு, அதாவது பந்து வரும் முன்னே எதிரணியைத் தாண்டிப் போய் நிற்கும் குற்றம், பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். 1925 வரை பந்து அடிக்கப்படும்போது நமக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும். அந்த வருடம் அதை இரண்டாக்கினார்கள், கோல்கள் மளமளவென்று கூடின. 1990இல் கடைசிக்கு முந்தைய ஆளுக்குச் சமமாக நின்றாலும் குற்றமில்லை என்று தளர்த்தினார்கள். எங்கள் தலைமுறை அந்தச் சலுகையில் வளர்ந்தது. வீடியோ நடுவர் வந்த பிறகு தோள்பட்டையையும் ஷூ நுனியையும் கோடு போட்டு அளக்கிறார்கள். கை மட்டும் கணக்கில் இல்லை, அதால் கோல் போட முடியாது என்பதால். நியாயமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் கோல் போட்டுவிட்டு ஓடும்போதே, நடுவர் காதில் கைவைக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் என் கடைசி சீசன்களில் ஒட்டிக்கொண்டது. ஃபார்வர்டுக்குக் கிடைக்கும் ஒரே முழுச் சந்தோஷம் அது. அதையும் தவணையில் தந்தால் எப்படி?

கோல் வராத காலத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. எனக்கு ஒரு சீசனில் ஒன்பது போட்டி வறண்டு போனது. முதல் மூன்றில் ஒன்றும் தெரியவில்லை. நான்காவதில் கோல்கீப்பர் கீழே கிடக்கிறார், கோல் வாய் திறந்து கிடக்கிறது, மூன்று மீட்டர் தூரம்கூட இல்லை. பந்து கணுக்கால் எலும்பில் பட்டு மேலே போனது. டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மற்றவர்கள் வழக்கமாகச் சத்தம் போட்டுப் பேசும் இடத்தில் எனக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், துக்க வீடு மாதிரி. அடுத்த போட்டிகளில் ஒவ்வொரு பந்துக்கும் யோசிக்க ஆரம்பித்தேன். இடது காலா, வலது காலா, தூரத்துக் கம்பமா, பக்கத்துக் கம்பமா. யோசித்து முடிப்பதற்குள் டிஃபெண்டரின் கால் வந்துவிடும்.

கணக்குப்படி சராசரியாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல்தான். அது தெரிந்துதான் எல்லாரும் ஆடுகிறோம், ஆனால் வறட்சியில் அந்தக் கணக்கு உதவாது. பத்தாவது போட்டியில் எங்கள் மிட்ஃபீல்டர் வெளியிலிருந்து அடித்த பந்து என் தொடையில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. நான் பார்க்கக்கூட இல்லை, பின்னால் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். சரி, கோல் கோல்தானே. அதற்கடுத்த போட்டியில் இரண்டு போட்டேன்.

பிற்பாடு 2018 உலகக் கோப்பையில் பிரான்ஸின் 9ஆம் எண் ஒலிவியே ஜிரூவைப் பார்த்தபோது அந்த ஒன்பது போட்டியும் நினைவுக்கு வந்தன. தொடர் முழுக்க ஆடினார், கோல் கட்டத்துக்குள் போகும் ஷாட் ஒன்றுகூட இல்லை. ஆனால் பெரிய டிஃபெண்டர்கள் அவர் முதுகிலேயே ஒட்டிக்கிடந்தார்கள், எம்பாப்பேயும் கிரீஸ்மானும் ஆளுக்கு நான்கு கோல் போட்டார்கள். கடைசியில் கோப்பையும் வந்தது. கூட ஆடியவர்களுக்கு அவர் அருமை தெரியும். வெளியே இருப்பவர்கள் பூஜ்யத்தைத்தான் எண்ணுவார்கள்.

காயம் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. எனக்குப் பின்தொடை. ஓடும்போது யாரோ கல்லால் அடித்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு சீசனின் கடைசியில் பிசியோ மூன்று வாரம் ஓய்வு என்றார். நான் அப்போது இருந்த கிளப்புக்கு அந்த வாரம் முக்கியமான போட்டி. வலி ஊசி போட்டு இறக்கினார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒப்பந்தம் முடியும் வருடம் அது. இரண்டாம் பாதியில் தசை கிழிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்ற செய்தி, ஊன்றுகோலோடு இருந்தபோது போனில் வந்தது. கோபம் இப்போதும் இருக்கிறது, பாதி அவர்கள் மேல், பாதி என் மேல்.

ஆனாலும் எனக்குத் திரும்பி வரக் கொடுத்துவைத்திருந்தது. 1958இல் ஒரே உலகக் கோப்பையில் 13 கோல் போட்ட ஜூஸ்ட் ஃபோன்டேன் கால் முறிந்ததில் 28 வயதிலேயே விளையாட்டை விட்டார். மார்கோ வான் பாஸ்டனின் கணுக்கால் அவரைக் கடைசியாக ஆடவிட்டது 1993இல், அவருக்கும் 28 வயது.

மண்டியிட்டு உட்கார்ந்து, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் பயிற்சி ஒன்று உண்டு. பின்தொடைக்கு அதைப்போல மருந்து வேறில்லை. தினமும் செய்தேன், கால் ஆறியது. வேகம் மட்டும் பழையபடி வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருடங்களில்தான் எனக்கு ஆட்டம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. பெரும்பாலும் பெஞ்சில் இருந்தேன். எந்த டிஃபெண்டர் பந்து வெளியே போனதும் முட்டியில் கைவைத்துக் குனிகிறார், யார் மேலே ஏறிப் போய்விட்டு நடந்து திரும்புகிறார், யார் கோல்கீப்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இறங்கியதும் நேராக அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். ஐந்து மாற்று வீரர்களை அனுமதித்தது என்னைப் போன்ற கிழட்டு ஃபார்வர்டுகளுக்கு இரண்டு வருட ஆயுள் கூட்டிக்கொடுத்தது என்பது என் எண்ணம்.

1994 உலகக் கோப்பையில் கேமரூனின் ரோஜர் மில்லா 42 வயதில் இடைவேளைக்குப் பிறகு இறங்கி, இறங்கிய கையோடு ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அதே போட்டியில் ரஷ்யாவின் ஒலெக் சலெங்கோ ஐந்து கோல் போட்டார், 6-1 என்று முடிந்தது. உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் ஒரே ஆள் ஐந்து போட்டது அந்த ஒருமுறைதான். அப்போது அவருக்கு வயது 24. ரஷ்யாவுக்காக அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் இவர்கள் இருவரையும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என் கடைசிப் போட்டியில் 70ஆவது நிமிடத்துக்கு மேல் இறங்கினேன். வலதுபக்கம் எங்கள் ஆள் பந்தோடு போகிறார். இரண்டு அடி விலகினேன், டிஃபெண்டர் தலையைத் திருப்பினார். கிராஸ் போடுகிறவர் குனிந்தார். கிளம்பினேன். எல்லாம் பாடம் படித்த மாதிரி சரியாக நடந்தது, டிஃபெண்டர் எனக்கு ஒரு கஜம் பின்னால். பந்து வருவதும் தெரிந்தது. காலை நீட்டினேன். ஷூ நுனிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண். என்னைக் கடந்து போன பந்தைத் தூரத்துக் கம்பத்தில் நின்ற எங்கள் சின்னப் பையன் உள்ளே தட்டிவிட்டான்.

ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "அண்ணா, நான் பின்னாடி நிக்கிறது தெரிஞ்சு விட்டீங்களாண்ணா? எப்படிண்ணா!"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.