தீர்ப்பு வந்தபோது வாரன் இல்லை

இந்திய இராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு, அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி நான் படிப்பதையெல்லாம் மாலை வேளைகளில் சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் அஸ்தம்பட்டி வீட்டில் நெடுநாள் வழக்கம். எந்தப் பக்கம் வென்றது என்பதைவிட, அந்த அதிகாரிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் அவர் கேட்பார். வடக்குப் படையின் ஜெனரல் வாரனுடைய கதையை மட்டும் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வாரனும் பொறியாளர் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல்முறை சொன்னது ஏற்காட்டில், லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலம் நகரம் முழுவதும் விரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் தலைமைப் பொறியாளராக இருந்த வாரன், லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றின்மேல் ஏறிப் பார்த்தார். நம் குமரகிரியைப் போல எளிதில் ஏறி இறங்கக்கூடிய குன்றுதான். கொடியசைத்துச் செய்தி அனுப்பும் சிலரைத் தவிர அங்கே ஒரு படைவீரனும் இல்லை. அந்த இடம் எதிரியின் கைக்குப் போனால் வடக்கின் அணிவகுப்பு முழுவதும் ஆபத்துக்குள்ளாகும் என்று கண்டு, உடனே ஆள் அனுப்பிப் படைகளை வரவழைத்தார். தெற்குப் படை மோதுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் முதல் படைப்பிரிவு மேலே வந்து சேர்ந்தது.

அப்படிப்பட்டவர், தெற்கின் தளபதி லீ சரணடைய எட்டே நாட்கள் இருந்தபோது, 1865 ஏப்ரல் 1 அன்று வர்ஜீனியாவின் ஃபைவ் ஃபோர்க்ஸில் வெற்றி கிடைத்த அதே மாலையில், வடக்கின் குதிரைப்படைத் தளபதி ஷெரிடனால் ஐந்தாம் படையணியின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். முந்தைய இரவு தன் உதவிக்கு வந்து சேர வாரன் தாமதித்தார் என்பது ஷெரிடனின் முக்கியமான குறைகளில் ஒன்று. ஆனால் அந்த இரவில் கிரேவலி ரன் ஓடையின்மேல் பாலம் இல்லை. புதிதாக ஒன்று கட்டித்தான் படை அக்கரை சேர வேண்டியிருந்தது, அது முடியப் பின்னிரவாகிவிட்டது. இதைச் சொன்னபோது அப்பா, "ராத்திரியில பாலம் போட்டவனுக்குத்தான் கண்ணு, நேரம் எங்க போச்சுன்னு தெரியும்" என்றார்.

ஷெரிடன்மீது மட்டும் பழியைப் போடுவது முறையல்ல. வடக்குப் படைகளின் தலைமைத் தளபதியான கிராண்ட், வாரனைப் பற்றி ஏற்கெனவே பொறுமை இழந்திருந்தார். கட்டளையைக் கேட்டவுடன் நிறைவேற்றாமல் தன் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் என்று மேலிடத்தில் வாரனுக்குப் பெயர் இருந்தது. 1863 நவம்பர் இறுதியில் மைன் ரன்னில் எதிரியின் அரண்களை நேரில் பார்த்துவிட்டுத் தாக்குதலை நிறுத்தியவர் அவர். அன்று பல உயிர்கள் அதனால் பிழைத்தன என்றே நான் நினைக்கிறேன். அந்தக் குணத்தையே பின்னர் குறையாக எண்ணினார்கள். தேவைப்பட்டால் வாரனை நீக்கலாம் என்ற கிராண்டின் அனுமதி, ஃபைவ் ஃபோர்க்ஸ் சண்டைக்கு முன்பே ஷெரிடனிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் ஜெனரல் தாமஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தெற்கோடு சேர்ந்த வர்ஜீனியாவின் மைந்தராக இருந்தும் வடக்கோடு நின்றவர் அவர். சகோதரிகள் அவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1864 டிசம்பரில் நாஷ்வில்லில் தரையெல்லாம் பனி உறைந்து குதிரைகள் நடக்க முடியாமல் இருந்தபோது அவர் காத்திருந்தார். தொலைவில் வர்ஜீனியாவில் இருந்த கிராண்ட் அவரையும் நீக்க முடிவெடுத்து, லோகன் என்ற வேறொரு ஜெனரலை அனுப்பிவைத்தார். லோகன் வழியில் லூயிவில்லில் இருக்கும்போதே, 15, 16 தேதிகளில் தாமஸ் பெரும் வெற்றி பெற்றுவிட்டார். தாமஸைத் திறமையோடு சேர்ந்து தூரமும் காப்பாற்றியது. வாரனை நீக்கும் அதிகாரமோ களத்திலேயே, பக்கத்திலேயே குதிரைமேல் இருந்தது.

வாரன் விசாரணை கேட்டுக்கொண்டே இருந்தார். கிராண்ட் தலைமைத் தளபதியாகவும் பின்னர் ஜனாதிபதியாகவும் இருந்த காலம் முழுவதும் அது கிடைக்கவில்லை. ஹேஸ் ஜனாதிபதியான பிறகு 1879 இறுதியில்தான் உத்தரவு வந்தது. 1882 ஆகஸ்ட் 8 அன்று, 52 வயதில், நியூபோர்ட்டில் வாரன் இறந்தார். சீருடை வேண்டாம், இராணுவ மரியாதை வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் சாதாரண உடையில் அடக்கம் செய்தார்கள். அவரைப் பெரும்பாலும் குற்றமற்றவராகக் காட்டிய அறிக்கை நவம்பரில் வெளியானது.

இதைக் கேட்டபின் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, குடும்பத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். வாரனின் தங்கை எமிலியைப் பற்றிச் சொன்னேன்: கெட்டிஸ்பர்க் குன்றில் வாரனுடன் இருந்த உதவி அதிகாரி வாஷிங்டன் ரோப்ளிங்கை மணந்தவர், கணவர் நோயில் படுத்தபோது புரூக்ளின் பாலப் பணியை அவர் சார்பில் முன்னின்று நடத்தியவர். 1883 மே மாதம், அண்ணன் இறந்து ஒன்பது மாதங்கள் கழித்து, அந்தப் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் எவ்வளவு, கம்பிகளை எப்படி இழுத்துக் கட்டினார்கள் என்று அன்றிரவு சாப்பாடு முடியும்வரை அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.